அப்பாவின் பழைய கிட்டார்: விற்றால் வரி உண்டா, வாங்கினால் லாபமா?



"பரண்ல அப்பா வாசிச்ச பழைய கிட்டார் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் 45,000 தர்றேன்கிறார். கொடுத்துடலாமா? வரி எதுவும் வருமா?" இந்த மாதிரி கேள்விகள் இப்போ நிறைய வருது. ஒரு வீட்டில் கிட்டார், இன்னொரு வீட்டில் பாட்டியின் தஞ்சாவூர் வீணை, மற்றொரு வீட்டில் தாத்தாவின் ஹார்மோனியம். எண்பதுகளில் ரேடியோவில் இளையராஜா பாட்டைக் கேட்டு கிட்டார் பிடித்த தலைமுறைக்கு இன்றைக்கு அறுபது, எழுபது வயசு. அவர்களில் பலர் இப்போது இல்லை. கிட்டார் மட்டும் வீட்டில் இருக்கு.

விற்பவர், வாங்குபவர் ரெண்டு பேருக்கும் இதில் பணம் இருக்கு, ஏமாறும் வாய்ப்பும் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பழசு என்றாலே விலை உண்டா?

2020 ஜூனில் கர்ட் கோபேன் வாசித்த 1959ஆம் ஆண்டு மார்ட்டின் கிட்டார் அமெரிக்காவில் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 2024 மே மாதம் ஜான் லெனன் வாசித்த 12 தந்தி கிட்டார் 28 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் கிட்டாரும் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில்தான் கிடந்தது. இந்தச் செய்தியைப் படிச்சிட்டுத்தான் பலரும் தங்கள் வீட்டுப் பரணைப் பார்க்கிறாங்க.

அந்த விலை வாசித்த ஆளுக்குக் கிடைத்த விலை. மரத்துக்கு அதில் பங்கு ரொம்பக் குறைவு. நம்ம வீட்டுக் கிட்டாருக்கு விலை நாலு விஷயத்தில் நிற்குது: யார் செய்தது, எந்த வருஷம், என்ன மரம், இப்போ வாசிக்கிற நிலையில் இருக்கா.

வருஷத்தைக் கண்டுபிடிக்க சில எளிய வழிகள் இருக்கு. மார்ட்டின் கிட்டார் என்றால் ஒலித்துளை வழியாக டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. கழுத்து உடம்போடு சேரும் கட்டையில் வரிசை எண் பதிந்திருக்கும். அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பு ஆண்டைச் சொல்லிவிடலாம். யமஹா என்றால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்க. 'நிப்பான் கக்கி' என்று இருந்தால் அது பழசு. அந்தக் கம்பெனி 1987இல்தான் யமஹா கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றியது. கல்கத்தா தயாரிப்பான கிவ்சன் மாதிரி நம்ம நாட்டுக் கிட்டார்களுக்கு நினைவு மதிப்பு அதிகம், சந்தை மதிப்பு பொதுவாகக் குறைவு. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமா இருக்கும். ஆனா பொய்யான நம்பிக்கையில் விலை சொல்லி வருஷக்கணக்கில் விற்காமல் இருப்பதைவிட இது தெரிஞ்சிருப்பது நல்லது.

மரத்தில் நம்ம ஊர்ச் சம்பந்தம் ஒன்று இருக்கு. அறுபதுகளின் கடைசியில் பிரேசில் ரோஸ்வுட் மரக்கட்டைகள் கிடைப்பது கஷ்டமானதும், மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதாவது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். சில ஊர்களில் தோதகத்தி என்பாங்க. அதனால் ஒரே மாடலில் 1969க்கு முந்தையதுக்கும் பிந்தையதுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம்: விற்பதற்கு முன்னாடி வார்னிஷ் அடிக்காதீங்க. 'பளபளன்னு இருந்தா விலை கூடும்' என்று நினைப்பது இயல்பு. பழைய இசைக்கருவியில் அது நேர்மாறா வேலை செய்யும். விரல் பட்டுத் தேய்ந்த இடம், நிறம் மங்கிய மேல்பலகை, இதெல்லாம் குறை இல்லை. அசல் பூச்சு போனால்தான் விலை போகும். தூசி துடைச்சு, புதுத் தந்தி போட்டால் போதும்.

2. 'நல்ல முதலீடு' என்பது எவ்வளவு உண்மை?

ஒரு கணக்குப் போடுவோம். 1986இல் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினரிடம் ரூ.3,000 கொடுத்து வாங்கிய கிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 39 வருஷம் கழித்து 2025இல் ரூ.45,000க்குப் போகுது. பதினைந்து மடங்கு! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆண்டு வளர்ச்சி எவ்வளவு தெரியுமா? சுமார் 7.2 சதவீதம்.

வருமான வரித்துறையின் விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பார்ப்போம். பழைய வரிசையில் 1986-87க்கு 140, 2001-02க்கு 426. புது வரிசையில் 2001-02க்கு 100, 2025-26க்கு 376. இதன்படி அன்றைய ரூ.3,000 2025-26இல் சுமார் ரூ.34,300. இந்தக் குறியீடு உண்மையான விலைவாசி உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஆக, 45,000 என்பது விலைவாசியைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கு, அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பாருங்க. 1986 ஏப்ரல் முதல் 2000 ஜனவரி வரை பிபிஎஃப் வட்டி 12 சதவீதம். அந்த வட்டியில் 3,000 ரூபாய் பதினாலு வருஷத்தில் ரூ.14,600ஐத் தாண்டியிருக்கும். அதற்குத் தந்தி மாற்ற வேண்டாம், கரையான் பயமும் இல்லை.

அதுக்காக அப்பா தப்புப் பண்ணிட்டார் என்று அர்த்தமில்லை. அவர் வாங்கியது வாசிக்க. முப்பது வருஷம் சாயங்காலம் வாசிச்சது எந்தப் பாஸ்புக்கிலும் வராது. நான் சொல்வது ஒன்றுதான்: 'முதலீடு' என்ற பெயரில் உங்களிடம் யாராவது பழைய கிட்டாரை விற்க வந்தால் இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

3. வரி: யார் விற்கிறார் என்பதைப் பொறுத்து மாறும்

கீழே உள்ள பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால் எண்கள் வேறு.

*வாசித்தவரே விற்றால்:* பிரிவு 2(14)இன்படி, நீங்களோ உங்களைச் சார்ந்த குடும்பத்தாரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள் 'மூலதனச் சொத்து' ஆகாது. கட்டில், பீரோ மாதிரி. அதனால் லாபத்துக்கு வரி இல்லை. இந்தச் சலுகை கிடைக்காத பட்டியல் ஒன்று இருக்கு: நகை, தொல்பொருள் சேகரிப்பு, வரைபடம், ஓவியம், சிற்பம், கலைப்படைப்பு. வாசிக்கிற கிட்டார் இந்தப் பட்டியலில் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 80,000க்கு வாங்கி 50,000க்கு விற்றால் அந்த 30,000 நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

*'சொந்த உபயோகம்' என்றால் என்ன?* மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பூஜையில் வைத்தோம் என்று சொன்ன தங்க நாணயங்களும் வெள்ளிக் கட்டிகளும் சொந்த உபயோகப் பொருள் இல்லை என்றது தீர்ப்பு. பொருளுக்கும் ஆளுக்கும் நெருக்கமான, வழக்கமான உபயோகத் தொடர்பு வேண்டும். ஆக, பெட்டியைத் திறக்காமலே பத்துக் கிட்டாரை அடுக்கி வைத்துவிட்டு 'எல்லாம் என் உபயோகத்துக்கு' என்று சொன்னால் அது நிற்காது.

*வாரிசு விற்றால்:* இங்கேதான் வாதம் வரும். அப்பா வாசித்தார், சரி. நீங்க வாசிக்கலை. அது உங்க 'சொந்த உபயோகமா'? குடும்பப் பொருளாகத்தான் வைத்திருந்தோம் என்று வாதிடலாம். அந்த வாதம் ஏற்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். அப்பா வைத்திருந்த காலமும் உங்க கணக்கில் சேரும், அதனால் அது நீண்டகால லாபம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதால் அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். அது ரூ.10,000 என்றால்:

விற்பனை விலை ரூ.45,000
அடக்க விலை ரூ.10,000
லாபம் ரூ.35,000
வரி 12.5 சதவீதம்: ரூ.4,375
செஸ் 4 சதவீதம்: ரூ.175
மொத்தம்: ரூ.4,550

பெரும்பாலானவர்களுக்கு மோசமான நிலையிலும் அதிகபட்சம் இவ்வளவுதான். இந்தியாவில் வசிப்பவராக இருந்து, உங்க மொத்த வருமானம் இந்த லாபத்தோடு சேர்த்தும் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால் இதுவும் இல்லை. வரியை நினைச்சுப் பயந்து பொருளை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காதீங்க.

*கச்சேரி, ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர் விற்றால்:* கிட்டாரைத் தொழில் கணக்கில் காட்டித் தேய்மானம் எடுத்திருந்தால் மேலே சொன்ன சலுகை கிடையாது. 80,000க்கு வாங்கி, வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எடுத்தால் ரெண்டு வருஷத்தில் புத்தக மதிப்பு ரூ.57,800. அந்தத் தொகுப்பில் அது ஒன்றுதான் இருக்கு, 70,000க்கு விற்றுவிட்டீங்க என்றால், ரூ.12,200 குறுகியகால லாபம். இது பிரிவு 50. எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் குறுகியகாலம்தான்.

*வாங்கி விற்பதே வேலை என்றால்:* அது வியாபார வருமானம். தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு பொதுவாக ஆண்டுக்கு ரூ.40 லட்சம். பதிவு செய்த பழைய பொருள் வியாபாரி, விதி 32(5)இன்படி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டலாம். வீட்டிலிருக்கும் ஒரு கிட்டாரை விற்பவருக்கு ஜிஎஸ்டி கிடையாது.

*ரொக்கம்:* ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீங்க. பிரிவு 269எஸ்டியின்படி, வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். அபராதம் வாங்கியவருக்கு. 'ரெண்டு தவணையாத் தர்றேன்' என்றாலும் ஒரே விற்பனைதான்.

4. இது யாருடைய கிட்டார்?

உயில் இல்லாமல் அப்பா போய்விட்டால், பரணில் இருக்கும் கிட்டார் 'வீட்டில் இருக்கிறவனுக்கு' என்று சட்டம் சொல்லலை. அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருக்காங்க, விலை 45,000 என்று வைத்துக்கொள்வோம்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நாலு சம பங்கு. ஆளுக்கு ரூ.11,250. மகளுக்கும் அதே பங்குதான். இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு சேரும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது ரூ.15,000. மீதி ரூ.30,000 மூன்று பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ரூ.10,000. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் படி பங்கு வேறு.

தொகை சின்னதுதான். ஆனா, 'என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம அப்பா கிட்டாரை வித்துட்டான்' என்பது பத்தாயிரம் ரூபாய் பிரச்சினை கிடையாது. அந்தக் கோபம் அப்புறம் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் வெளியே வரும். அதனால் விலை பேசுவதற்கு முன்னாடியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோவும் கேட்கும் விலையும் போட்டு, எல்லோரும் 'சரி' என்று பதில் போட்ட பிறகு விற்கலாம். யாராவது 'எனக்கு வேணும்' என்றால் அவர் மற்றவர்களின் பங்கைக் கொடுத்து எடுத்துக்கலாம். வெளிச் சந்தையில் விற்கும் முன் குடும்பத்துக்கு முதல் வாய்ப்பு. இதுதான் என் யோசனை.

5. வாங்கப் போறவங்க பார்க்க வேண்டியது

மதுரையின் வறண்ட கோடையும், ஐப்பசி கார்த்திகை மழையும் மர வாத்தியத்துக்கு மாற்றி மாற்றி வேலை வைக்கும். மரம் சுருங்கும், ஊதும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டாருக்கு நல்லது. நம்ம மாடி அறையில் மே மாதம் அது கிடைக்காது. அதனால் நேரில் போய் இதையெல்லாம் பாருங்க:

ஒன்று, போன் டார்ச்சை உள்ளே விட்டு மேல்பலகையிலும் பின்பலகையிலும் கீறல் தெரியுதா பாருங்க. ஒட்டுப் போட்ட கீறல் இருந்தால் தப்பில்லை, ஆனால் விலையில் தெரியணும்.

ரெண்டு, பிரிட்ஜுக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்க. உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்கியிருக்கு.

மூணு, 12ஆவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். ரொம்ப அதிகம் என்றால் கழுத்துக் கோணம் மாறியிருக்கலாம். அந்த ரிப்பேர்தான் செலவு அதிகம், அதுக்குக் கைதேர்ந்த ஆள் வேணும்.

நாலு, எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பாருங்க. கரகர என்றால் ஃப்ரெட் தேய்ந்திருக்கு.

ரிப்பேர் செலவை ஒரு மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேட்டு, அதைக் கழித்துவிட்டு விலை பேசுங்க.

சரி, வாங்குவது கட்டுப்படியாகுமா? 60,000க்கு வாங்கி, அஞ்சு வருஷம் வாசிச்சு, 50,000க்கு விற்கிறீங்க. தந்திக்கு வருஷம் 2,400 வீதம் 12,000. ஒரு ரிப்பேர் 5,000. மொத்தம் ரூ.27,000, மாதம் ரூ.450. அந்த 60,000ஐ 7 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் ரூ.24,150 வட்டியையும் சேர்த்தால் மாதம் சுமார் ரூ.850. தினமும் அரைமணி நேரம் வாசிப்பவருக்கு இது மலிவான சந்தோஷம். சுவரில் மாட்டப் போறவருக்கு இது வீண் செலவு. கிரெடிட் கார்டு தவணையில் வாங்கினால் கணக்கு இன்னும் மோசம். அவசர நிதியில் கைவைத்து வாங்கவே வேண்டாம்.

6. விற்கும்போது மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள்

*கியூஆர் மோசடி:* ஆன்லைனில் விளம்பரம் போட்ட பத்து நிமிஷத்தில் பேரமே பேசாமல் ஒருத்தர் 'ஓகே' சொல்லுவார். 'ராணுவத்துல இருக்கேன், ஆள் வந்து எடுத்துப்பாங்க, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துரும்' என்பார். பணம் வாங்க ஸ்கேன் பண்ணத் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் கேட்டாலே உங்க பணம் போகப் போகுது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்க.

*தந்தம்:* பழைய கிட்டார்களில் தந்தி ஏறும் சின்னப் பாலம், பிரிட்ஜ் ஊசிகள் தந்தத்தில் இருக்கலாம். பழைய வீணைகளில் தந்த வேலைப்பாடு இருக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்த வியாபாரம் குற்றம். சந்தேகம் இருந்தால் விளம்பரம் போடும் முன் விவரம் தெரிஞ்சவரிடம் காட்டுங்க.

*வெளிநாடு:* ரோஸ்வுட் மரங்கள் 2017 ஜனவரியில் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மொத்தமாகச் சேர்ந்தன. 2019 நவம்பர் முதல் தயாரான இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதல் இருக்கும் கடுமையான கட்டுப்பாடு அப்படியே தொடருது. நூறு வருஷத்தைத் தாண்டிய கருவி என்றால் தொல்பொருள் சட்டத்தையும் பார்க்கணும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் சூட்கேஸோடு எடுத்துட்டுப் போகும் முன் இதைச் சரிபாருங்க.

விற்கும் நாளில் ஒரே ஒரு தாள்

வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும்: கருவியின் பெயர், வரிசை எண், தெரிந்த குறைகள், விலை, தேதி, பணம் வந்த விதம், இருவர் கையெழுத்து. 'குறைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாங்குகிறேன்' என்று வாங்குபவர் ஒரு வரி எழுதட்டும். நாலு போட்டோவோடு இதை வைத்திருங்க. நாளைக்கு வங்கிக் கணக்கில் வந்த 45,000 எங்கிருந்து என்று கேள்வி வந்தால் பதில் இந்தத் தாள்தான். வாங்கினவருக்கும் அது திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு ஆதாரம்.

தாளோடு இன்னொன்றும் செய்யுங்க. விற்கும் முன் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு, அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டை அந்தக் கிட்டாரில் ஒருதடவை வாசிக்கச் சொல்லி போனில் பதிவு பண்ணி எல்லாருக்கும் அனுப்புங்க. கிட்டாரை ஒருத்தருக்குத்தான் கொடுக்க முடியும். அந்தச் சத்தத்தைக் கூடப் பிறந்தவங்க எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துடலாம், அதுக்கு எந்தப் பிரிவிலும் வரி இல்லை.

உங்க வீட்டில் வீணை, வயலின், ஹார்மோனியம் இருந்தாலும் மேலே சொன்ன வரிக் கணக்கு அப்படியே பொருந்தும். தொகை லட்சங்களில் போனால், அல்லது கருவியைத் தொழில் கணக்கில் காட்டியிருந்தால், விற்கும் முன்னாடியே உங்க ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வித்த பிறகு கேட்டால் எங்களால் கணக்குப் போட்டுக் கொடுக்கத்தான் முடியும்.